பெயர் சொல்லாமல் போன அக்கா

வணக்கம், நேயர்களே. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் விடிகாலை வண்டிக்காகக் காத்திருந்திருப்பீர்கள். அங்கே குழந்தைகள் உதவி மையத்தில் சில காலம் தன்னார்வலராக இருந்தேன். ஒருநாள் விடியும் நேரம், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சிறுமி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் இட்லிப் பொட்டலம்.

"சின்னப் பொண்ணும்மா. துணிக்கடை வேலைன்னு கூட்டியாந்து எங்க வீட்ல விட்டுட்டாங்க. யார் கேட்டாலும் வயசு பத்தொன்பதுன்னு சொல்லணும்னு மிரட்டி வச்சிருக்காங்க."

சிறுமியைப் பெஞ்சில் உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து, முதல் வாய் அவரே ஊட்டிவிட்டார். பெயர் கேட்டேன்.

"வேணாம்மா. என் மேல ஏற்கெனவே கேஸ் இருக்கு. போலீஸ் வந்தா என்னையும் சேத்துப் பிடிப்பாங்க."

போய்விட்டார். சிறுமிக்கு 16 முடிந்து சில மாதங்கள்தான் என்று பிறகு பள்ளிச் சான்றிதழ் சொன்னது.

இதை எத்தனையோ இடங்களில் சொல்லிவிட்டேன், இன்றும் சொல்கிறேன். விற்கப்பட்ட குழந்தையைப் பாலியல் தொழில் நடக்கும் வீட்டுக்குள் முதலில் பார்ப்பவர் அங்கே தொழில் செய்யும் அக்காதான். அவர் வாய் திறந்தால் குழந்தை அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

அவர் வாயை அடைப்பது எது? 1956-இல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. தெருவில் நின்று ஆளை அழைத்தார் என்று பெண்மீது வழக்கு வந்தால் முதல் முறையே 6 மாதம் வரை சிறை. அதையே ஆண் செய்தால் அதிகபட்சம் 3 மாதம். குழந்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது நடவடிக்கை கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. ஆனால் அந்த அக்கா பயந்தது தகவல் சொன்னதற்காக இல்லையே, தன் பிழைப்புக்காகத்தானே? பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்தவேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவிட்டது. நல்லது. 8-ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. வயதுவந்த பெண்களை அதிலிருந்து விடுவியுங்கள்; போலீசின் நேரமெல்லாம் புரோக்கர் பின்னால் போகட்டும். திரும்பத் திரும்ப நான் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று. அதே சட்டம் 16 வயதுக்குக் கீழே இருந்தால்தான் 'குழந்தை' என்கிறது. 16 முதல் 18 வரை 'மைனர்'. குழந்தையை இதில் தள்ளினவனுக்கு ஆயுள்வரை தண்டனை போகலாம்; மைனர் என்றால் 14 ஆண்டோடு நின்றுவிடுகிறது. 2012-இல் வந்த போக்சோ 18 வரை எல்லோரையும் குழந்தை என்கிறது. அன்று பெஞ்சில் இட்லி சாப்பிட்ட பெண் பழைய சட்டத்துக்குக் குழந்தையே இல்லை!

மீட்ட குழந்தைகள் இல்லங்களில் படும் பாட்டைச் சொல்ல வந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். குழந்தைகள் உதவி எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1098. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. வணக்கம்.