சிக்னல் ஏன் ஓடி ஓடி அடிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனில் முப்பது வருடமாக வாகன வயரிங் வேலை செய்கிறவன் நான். வண்டிகளில் எத்தனையோ ரேடியோ செட்டைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அதற்குள்ளிருந்து ஒரு நாள் நானே பேசுவேன் என்று நினைக்கவில்லை.

பேசப்போவது ஒரு சத்தத்தைப் பற்றி. சிக்னல் போட்டதும் ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கேயோ டிக்... டிக்... என்று கேட்குமே, அதுதான். சிக்னலுக்கு எல்.ஈ.டி. பல்ப் மாட்டியதும் அது ஏன் ஓடி ஓடி அடிக்கிறது என்பதுதான் கேள்வி. காதால் கேட்கிற சங்கதி, அதனால் ரேடியோவுக்குத் தோதானது.

எங்கள் அப்பா, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் மொரிஸ் மைனரை ஓட்டியவர். 1961க்கு முந்திய வண்டி. அதில் மின்னுகிற சிக்னல் கிடையாது. கதவுப் பக்கத்துத் தூணிலிருந்து சின்னதாக ஒரு கை வெளியே நீளும், மஞ்சள் வெளிச்சத்தோடு. மார்கழிக் குளிரில் அந்தக் கை வராது. அப்பா உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்து விடுவார், எட்டிப் பார்க்கும். குத்தியும் வராவிட்டால் தன் கையையே ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவார். அதற்கு பியூஸ் போகாது பாருங்கள்!

ஐயா அடுத்து வாங்கிய காரில் மின்னுகிற சிக்னல் வந்தது. தகர டப்பா மாதிரி ஒரு பிளாஷர். உள்ளே ஒரு தகடு. பல்புக்குப் போகிற கரண்ட் அதைச் சூடாக்கும், தகடு வளைந்து தொடுப்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி தொடும். ஒரு பல்ப் செத்துவிட்டால் கரண்ட் பாதியாகிவிடும், தகடு வேண்டிய அளவு சூடாகாது. சிக்னல் மந்தமாகும், அல்லது மின்னாமல் எரிந்தபடியே நிற்கும். சத்தம் மாறிய உடனே அப்பா வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "எறங்கிப் பாருடா, எது செத்திருக்குன்னு." நான் இறங்கி ஓடுவேன். அந்த ஓட்டம்தான் என்னை இந்தத் தொழிலில் கொண்டுவந்து விட்டது.

பிறகு வந்த எலெக்ட்ரோனிக் பிளாஷர் அதே சேதியைத் தலைகீழாகச் சொல்கிறது. கரண்ட் குறைந்தால் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் அடிக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தப்பு என்றால் எங்கள் பறை. காலையில் வேலைக்குக் கூப்பிடுகிற பிரட்டுத் தப்பு ஒரு அடி, சாவுத் தப்பு வேறு அடி. லயத்து வீட்டுக்குள் இருந்துகொண்டே சொல்லிவிடுவோம். சிக்னல் ஓடி ஓடி அடித்தால் அது சாவுத் தப்பு. எங்கேயோ ஒரு பல்ப் போய்விட்டது.

சரி, எல்.ஈ.டி. மாட்டினால் ஏன் அப்படி அடிக்கிறது? பல்ப்தான் பளிச்சென்று எரிகிறதே? கணக்கு இதுதான். சாதாரண சிக்னல் பல்ப் 21 வோட்ஸ். 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்ந்தால் மூன்றரை. எல்.ஈ.டி. இழுப்பது அதில் ஒரு சிறு பங்கு. பிளாஷருக்குக் கண் இல்லை, கரண்ட் மட்டும்தான் தெரியும். அதனால் உயிரோடு இருக்கிற பல்புக்குச் சாவுத் தப்பு அடிக்கிறது.

கராஜுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா? எல்.ஈ.டி. போட்ட அன்றிலிருந்து இரண்டு பக்கமும் என்றால் பிளாஷர் சங்கதி. நேற்று வரை ஒழுங்காக இருந்து இன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் என்றால், இறங்கிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், இறங்கிப் பாருங்கள்! நம் ஊர் மழையும் பனியும் பின் லைட்டுக்குள் இறங்கி, ஹோல்டர் பச்சை பூத்துப் போயிருக்கும். மட்டத்தாள் வைத்துத் தேய்த்தால் முடிகிற வேலை. பிரேக்கை மிதிக்கும்போது சிக்னலும் சேர்ந்து மங்கலாக மினுங்கினால் ஏர்த், அதாவது வண்டியின் தகரத்தோடு சேர்கிற தொடுப்பு, சரியில்லை.

ஒரு கதை சொல்ல வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் வேனுக்கு எல்.ஈ.டி. போட்டார். வேகமாக அடித்தது. கொழும்பில், பஞ்சிகாவத்தையில் யாரோ நாலு ரெசிஸ்டரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். தங்க நிறத்தில் விரல் நீளம், 50 வோட்ஸ், 6 ஓம். சிக்னல் வயருக்கும் ஏர்த்துக்கும் நடுவில் பூட்டினால் பழைய பல்ப் இழுத்த அளவுக்குக் கரண்டை இழுத்து பிளாஷரை ஏமாற்றும். தம்பி அதை டேப் சுற்றிப் பின் மூலை பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டார்.

அந்த வேனில்தான் நாங்கள் சீதாஎலிய கோயிலுக்குப் போனோம். புசல்லாவை தாண்டியதும் பனி மூடிவிட்டது. தம்பி நாலு சிக்னலையும் ஒன்றாகப் போட்டபடி ஏறுகிறார். அப்படிப் போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? சொன்னேன். "விடுங்கண்ணே, நம்மளத் தெரியணுமுல்ல" என்றார். றம்பொடை வளைவுகளில் கருகல் வாடை. பின் சீட்டில் ஒரு ஆச்சி, "யாரும்மா இப்பவே கற்பூரம் பத்த வச்சது?" என்கிறார். நிறுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக்கில் என் கட்டை விரல் நுழைகிற ஓட்டை!

சிக்னல் எரிகிற நேரத்தில் அந்த ரெசிஸ்டர் 24 வோட்ஸைச் சூடாகவே கக்குகிறது. பூட்டத்தான் வேண்டும் என்றால் வெறும் தகரத்தில், ஸ்க்ரூ போட்டு, வயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தள்ளிப் பூட்டுங்கள். கரண்டை மிச்சம் பிடிக்க எல்.ஈ.டி. வாங்கி, மிச்சம் பிடித்ததை இப்படிக் கொளுத்துவது என்ன கணக்கோ! இன்னொன்று, ரெசிஸ்டர் போட்ட பிறகு எல்.ஈ.டி. நிஜமாகவே செத்தாலும் சத்தம் மாறாது. பனிக்குள் வளைவில் திரும்புவீர்கள், பின்னால் வெளிச்சம் இருக்காது, உள்ளே மட்டும் டிக் டிக்.

நான் போடுவது எல்.ஈ.டி.க்கென்று வருகிற பிளாஷர். எவ்வளவு குறைந்த கரண்டிலும் நிமிடத்துக்கு 60க்கும் 120க்கும் இடையில் ஒரே சீராக அடிக்கும், சூடும் இல்லை. அதுவும் பல்ப் செத்தால் சொல்லாதுதான். அதனால் இதைப் போட்டவர்கள் கிழமைக்கு ஒரு தரம் சிக்னலைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கை காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். பிளாஷரே இல்லாமல் கம்ப்யூட்டரே சிக்னல் அடிக்கிற புது வண்டிகளைப் பற்றிப் பேச இருந்தேன். அவற்றில் பிளாஷர் மாற்ற வழியில்லை, தெரிந்தவரிடம் காட்டாமல் வயரை வெட்டாதீர்கள், அது போதும். பல்ப் எரியவே இல்லையென்றால் கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சில எல்.ஈ.டி. ஒரு பக்கம்தான் எரியும். பிளாஷர் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். இரண்டு கால், மூன்று கால் என்று இருக்கும், கால் ஒன்றாக இருந்தாலும் எந்தக் கால் எதற்கு என்பது மாறும். இரண்டு கால் எல்.ஈ.டி. பிளாஷரில் தனியாக ஒரு வயர் தொங்கும், அதை வெட்டி எறியாதீர்கள், அது ஏர்த்... சிவப்பு லைட் மின்னுகிறது. வணக்கம்.