பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற பட்டாம்பூச்சி!

(திரையில்: காட்டுத் தரையில் ஒரு வெயில் திட்டு)

இந்தத் திட்டு யாருக்குச் சொந்தம்? சிரிக்காதீங்க, இதுக்கு அடிதடியே நடக்குது.

இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல வைத்தம் காடு. ஸ்பெக்கிள்டு வுட்னு ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி. மரத்துக்கு நடுவுல விழுற வெயில்ல ஆண் உட்கார்ந்து பெண்ணுக்காகக் காத்திருக்கும். இன்னொரு ஆண் வந்தா, ரெண்டும் சுத்திச் சுத்தி மேல பறக்கும். சில செகண்ட்தான். வந்தவரு கிளம்பிடுவாரு.

1978ல நிக் டேவிஸ்னு ஒரு விலங்கு ஆராய்ச்சியாளர் ஒரு குறும்பு பண்ணாரு. உட்கார்ந்திருந்ததை வலையில பிடிச்சாரு. காலியான இடத்துல வேற ஒண்ணு உட்கார்ந்துச்சு. பழசைத் திரும்ப விட்டாரு. பழைய ஓனர் தோத்துட்டாரு!

இதை நான் எங்க பார்த்திருக்கேன் தெரியுமா? தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டுல. ஜன்னல் வழியா ஒரு துண்டு விழும். ஆறடி ஆள் ஒருத்தர் ஏறி உட்காரப் போவாரு. ஒல்லியா ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து, "அண்ணே, துண்டு போட்டிருக்கேன்"பாரு. ஆறடி நகர்ந்துடும்! ஆனா அதே சீட்ல ரெண்டு துண்டு விழுந்தா? கண்டக்டர் விசில் ஊதினாலும் முடியாது. டேவிஸ் அதையும் செஞ்சாரு. ரெண்டு பூச்சியையும் 'நான்தான் ஓனர்'னு நம்ப வச்சாரு. சண்டை சராசரியா பத்து மடங்கு நீண்டுச்சு.

காரணம் கணக்குதான். ஜான் மேனார்டு ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1973லயே சொன்னது: கிடைக்கிற பொருளை விடக் காயம் பெருசுன்னா, எப்பவும் முட்டி மோதுறவன் மட்டுமே இருக்கிற கூட்டம் நிலைக்காது. அதனால 'முதல்ல வந்தவனுக்கே இடம்'னு விட்டுக்கொடுக்கிறது ரெண்டு பேருக்கும் நல்லது. ஸ்மித் முதல்ல விமான இன்ஜினியர்ங்க!

 

இப்ப ட்விஸ்ட். 1998ல வேற ஆராய்ச்சியாளர்கள் வந்து, "துண்டெல்லாம் இல்ல, சூடு"ன்னாங்க. வெயில்ல உட்கார்ந்திருந்தவருக்கு உடம்பு சூடாகி ரெக்கை வேகமா அடிக்கும். நிழல்ல இருந்து வர்றவரு சில்லுனு இருப்பாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், துண்டுக் கதை அவ்வளவு அழகு. ஆனா யோசிச்சா, ரெண்டு ஓனர் சண்டை நீளுறதுக்கும் இது பொருந்துது. ரெண்டு பேரும் சூடு!

உங்க ஊர்ல சீட்டுக்கு என்ன போடுவீங்க? துண்டா, கர்சீப்பா, குடையா? கமெண்ட்ல சொல்லுங்க. எங்க ஊர்ல ஒருத்தர் செருப்பைப் போட்டாரு. அந்த சீட் பக்கமே யாரும் போகல.