ஒரே தொண்டையில் ஊரே குடியிருந்தது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற தமிழாசிரியையான என்னை இந்த வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்தவர்கள், பொங்கலைப் பற்றியோ காவடியைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் கேட்டுப் பெற்ற பொருள் வேறு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தமது 93-ஆம் வயதில் மறைந்த ரோஜே காரெல் என்னும் பிரெஞ்சுக் குரல் நடிகரைப் பற்றி, அவருடைய இரசிகை என்ற ஒரே தகுதியோடு உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

காரெல் என்று பெயரைச் சொன்னால் உங்களில் பலர் யோசிப்பீர்கள். பிரெஞ்சுச் சித்திரக்கதை நாயகனான அஸ்தெரிக்ஸின் குரல் என்று சொன்னால், நம் மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலும் கத்ர் போர்னிலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்தக் குள்ள வீரனுக்கு மட்டுமா அவர் குரல் கொடுத்தார்? கரடிக்குட்டி வின்னி, காட்டுக் கதையில் வரும் கா என்னும் மலைப்பாம்பு, மப்பெட் பொம்மைகளில் கெர்மிட் தவளை, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து ஒரு குடும்பத்தின் தலையில் ஏறி உட்கார்ந்த ஆல்ஃப், நட்சத்திரப் போர்ப் படங்களில் எப்போதும் பதறிக்கொண்டிருக்கும் பொன்னிற இயந்திர மனிதன் ஆகிய எல்லோரும் பிரெஞ்சில் பேசியது அவருடைய தொண்டையால்தான். சாப்ளினின் சர்வாதிகாரிப் படம் 1968-இல் பிரெஞ்சில் புதிதாகக் குரல் மாற்றம் பெற்றபோது சாப்ளினுக்காகப் பேசியவரும் இவரே.

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் பாட்டி ஒருவர்தான் தமிழில் பேசினார். மற்றவர்களுக்குப் புழக்கம் பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல். பள்ளியில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர் அதைப் பிரெஞ்சிலும் கிரியோலிலும் விளக்குவார். மாலையில் கோயில் வளாகத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். இத்தனை மொழிகளுக்கு நடுவே, நல்ல பிரெஞ்சு என்றால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டியது தொலைக்காட்சிப் பெட்டி. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரியூனியன் தீவின் ஒளிபரப்பைப் பிடிப்பதற்காக அண்ணன் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவான். கீழே நின்று நான் "தெரியுது, தெரியலை" என்று கத்துவேன். படம் புள்ளி புள்ளியாக இரைந்தாலும் குரல் மட்டும் தெளிவாக வந்துவிடும். அந்தக் குரல்களில் ஒன்று, வெண்தாடி பாதம் வரை தொங்கும் மேஸ்ட்ரோ என்ற கிழவருடையது. அல்பேர் பாரியே உருவாக்கி 1978-இல் வெளிவந்த, மனித இனத்தின் வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும் இருபத்தாறு பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடரில் வருபவர் அவர். சொல்ல வேண்டிய செய்தியின் வேகத்துக்கு நாக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறுவது போலவே பேசுவார். ஆனாலும் ஒரு சொல்கூடச் சிதையாது. எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியரும் அப்படிப் பேசவில்லை. ஆசிரியையான பிறகு நானும் அப்படிப் பேச முயன்று, முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது தனிக் கதை.

மேஸ்ட்ரோவும் அஸ்தெரிக்ஸும் ஒரே ஆள் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி வின்னியிடமிருந்து வந்தது. வின்னியும் அதன் நண்பனான பன்றிக்குட்டியும் பாலத்தின்மேல் நின்று பேசிக்கொள்ளும்போது, ஒருவர் மற்றவரைச் சமாதானப்படுத்துவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிரெஞ்சில் அந்த இரண்டு குரலும் காரெலுடையவை என்று தெரிந்த அன்று, வீட்டில் இருந்த ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். எங்கேயாவது ஓரிடத்தில் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன். பிடிபடவில்லை.

அதற்கு விடை எனக்குக் கிடைத்தது தொல்காப்பியத்தில் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மொக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற நாட்களில் பிறப்பியலைப் படித்தோம். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, அதன் பிறகு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தாகிறது என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு காரெலைக் கேட்டபோது எல்லாம் விளங்கியது. வின்னிக்குப் பேசும்போது காற்று நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. ஒலியைவிட மூச்சு அதிகம். ஒவ்வொரு வாக்கியமும் மெத்தையில் உட்கார்வது போல மெல்ல முடிகிறது. பன்றிக்குட்டிக்கு அதே காற்று மிடற்றில் ஒரு கணம் சிக்கி, பிறகு தலைக்குத் தாவுகிறது; அதனால்தான் முதல் அசை இரண்டு முறை வருகிறது. மலைப்பாம்புக்குப் பேசும்போது வேலை முழுவதும் பல்லிடுக்கில் நடக்கிறது. இயந்திர மனிதனுக்கு அண்ணமும் மூக்கும் மட்டும் போதும்; நெஞ்சுக்கு அங்கே இடமே இல்லை, இயந்திரத்துக்கு ஏது நெஞ்சு!

மற்ற கலைஞர்கள் குரலின் உயரத்தை மாற்றுவார்கள்; காரெல் காற்று தங்கும் இடத்தை மாற்றினார். ஆங்கில மூலத்திலும் வின்னிக்கும் அந்த மலைப்பாம்புக்கும் ஒருவரே, ஸ்டெர்லிங் ஹாலோவே என்ற நடிகர், குரல் கொடுத்தார். கேட்க இனிமையான குரல்தான். ஆனால் அவருடைய கரடியும் பாம்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது கொஞ்சம் கவனித்தால் தெரிந்துவிடும். காரெலின் பிள்ளைகளுக்குள் அந்தச் சாயல் கிடையாது. இது என் காதின் தீர்ப்பு. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

காரெல் காலத்தில் பிரான்சில் டப்பிங் நடந்த முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரெலின் திறமையில் பாதி அந்த முறையில் புடம்போடப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நடிகர் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கம்பியின்முன் நின்றுகொள்வார். எதிரே திரையில் படம் ஓடும். படத்துக்கு அடியில் ஒரு நாடா வலமிருந்து இடமாக நகரும். பேச வேண்டிய சொற்களை அந்த நாடாவில் ஒருவர் கையால் எழுதியிருப்பார். சொல் ஒரு குறிப்பிட்ட செங்குத்துக் கோட்டைத் தொடும்போது நடிகர் அதை உச்சரிக்க வேண்டும். பாத்திரம் ஓர் உயிரொலியை நீட்டினால் நாடாவில் அந்த எழுத்தும் இழுத்து எழுதப்பட்டிருக்கும். வேகமாகப் பேசினால் எழுத்துகள் நெருங்கி நிற்கும். அளபெடையைக் கண்ணால் காட்டும் முறை என்று என் மாணவர்களிடம் இதைச் சொல்வதுண்டு. இன்னொன்றும் உண்டு: பாத்திரத்தின் உதடுகள் எங்கெல்லாம் மூடுகின்றனவோ அங்கெல்லாம் முன்கூட்டியே குறியிட்டு, மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் பகரமோ மகரமோ வருமாறு சொல்லைத் தேடுவார். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று நம் இலக்கணம் சொன்னதைப் பாரிசின் டப்பிங் கூடம் தினமும் நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தது. இத்தனை கட்டுக்குள் நின்றுகொண்டுதான் காரெல் மூச்சை இடம் மாற்றினார்.

அஸ்தெரிக்ஸ் இதிலிருந்து வேறுபட்டவன். அந்தப் படங்கள் பிரெஞ்சிலேயே பிறந்தவை. காரெல் பின்பற்றுவதற்கு முன்மாதிரிக் குரல் எதுவும் இல்லை. 1967-இல் முதல் படம் வந்தபோது அவருக்கு வயது நாற்பது. அதன்பின் 2014 வரை வந்த கார்ட்டூன் படங்கள் ஒவ்வொன்றிலும் அவரே அஸ்தெரிக்ஸ். 2014-இல் ஒன்பதாவது படம் கணினி வரைகலையில் உருவானபோது, ஓய்விலிருந்த அவர் திரும்பி வந்து பேசினார். அப்போது அவருக்கு வயது 87. இடையில் அவனுடைய தோழன் தடியன் ஒபெலிக்ஸுக்கு நான்கு பேர் மாறிவிட்டார்கள். வரைந்த கை மாறியது, இசை மாறியது, கடைசியில் அஸ்தெரிக்ஸின் மூக்குகூட முப்பரிமாணமாகிவிட்டது. அந்தக் குரல் மட்டும் 47 ஆண்டுகள் அவனோடு இருந்தது.

அந்த ஒன்பதாவது படத்தைப் போர்ட் லூயியில் என் பேத்தியோடு பார்த்தேன். காரெலின் வயது தெரிந்தவர்களுக்குத் தெரியும்: நீளமான வாக்கியங்களின் நடுவே முன்பு இல்லாத ஒரு சின்ன நிறுத்தம் வருகிறது, உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் குரல் ஒரு படி கீழேயே நின்றுகொள்கிறது. ஆனால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தூக்கி நிறுத்தும் அந்த அஸ்தெரிக்ஸ் வழக்கத்தை அவர் விடவே இல்லை. பழைய படங்களிலும் அவன் பேச்சின் அடையாளம் அதுதான். நாமெல்லாம் வாக்கியத்தின் முடிவை விழுங்கிவிடுகிறோம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் நாம் விழுங்குவது பொருளையே. வகுப்பில் வாசிக்கும் பிள்ளைகளிடம், "கடைசிச் சொல்லை அஸ்தெரிக்ஸ் மாதிரிச் சொல்லு" என்று நான் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். வேறு எந்த விளக்கமும் தேவைப்பட்டதில்லை.

2018-இல் வந்த அடுத்த படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு கிறிஸ்தியான் கிளாவியே பேசினார். மனிதர்கள் நடித்த அஸ்தெரிக்ஸ் படங்கள் இரண்டில் அந்த வேடத்தைப் போட்டவரே அவர்; நல்ல நடிகர். ஆனால் அவர் பேசும்போது எனக்கு அவருடைய முகம்தான் தெரிந்தது, அஸ்தெரிக்ஸின் முகம் தெரியவில்லை. கார்ட்டூன் பாத்திரங்களைத் திரைநட்சத்திரங்களிடம் கொடுக்கும் வழக்கம் இப்போது எல்லா மொழிகளிலும் பரவிவிட்டது. விளம்பரத்துக்கு அது நல்லதுதான். முகம் தெரியாத ஒருவர் பேசும்போது குழந்தை அந்தப் பாத்திரத்தை முழுமையாக நம்புகிறது என்பதை வானொலிக்காரர்களாகிய உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் மறைந்த செய்தி வந்தபோது, இங்கே என் வயதுக்காரர்கள் பலர் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்தார்கள். யாரும் நெடுநேரம் துக்கம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு வரியை அந்தந்தப் பாத்திரத்தின் குரலில் சொல்லிப் பார்த்தார்கள். மலைப்பாம்பின் வரியை என் அண்ணன் சொன்னபோது பல்லிடுக்கில் விசில்தான் வந்தது.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. 1976-இல் வந்த படமொன்றில் அஸ்தெரிக்ஸுக்கும் ஒபெலிக்ஸுக்கும் பன்னிரண்டு சோதனைகள் வைக்கப்படும். அவற்றில் ஒன்று, ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் போய் ஏ-38 என்ற அனுமதிச் சீட்டைப் பெற்று வருவது. ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு மாடியிலிருந்து மற்றொன்றுக்கு அலைக்கழித்து ஆளைப் பைத்தியமாக்கும் இடம் அது. அந்தக் காட்சியில் காரெலின் பேச்சைக் கவனியுங்கள்: முதலில் நன்றாகத் தலைவாரிய மாணவனின் மரியாதை, நான்காவது சாளரத்தில் அந்த மரியாதையின் ஓரம் கிழிந்திருக்கும், பிறகு அலறல். முடிவில் அஸ்தெரிக்ஸ் தந்திரமாக, பி-65 என்ற புதிய சுற்றறிக்கையில் கூறியபடி ஏ-39 என்ற சீட்டு வேண்டும் என்று மிகுந்த பணிவோடு கேட்பான். அப்படி ஒரு சுற்றறிக்கை இல்லாததால் அலுவலகமே குழம்பிப் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், ஓய்வூதியக் கோப்பைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து மூன்றாவது சாளரத்தின்முன் நின்றுகொண்டிருந்தேன். நகல் ஒன்று குறைகிறது, முதல் சாளரத்துக்கே திரும்பிப் போங்கள் என்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற, என்னைவிட மூத்த ஒரு பெரியவர், யாரையும் பார்க்காமல், மூக்கின் நுனியில் குரலை ஏற்றி, கடைசிச் சொல்லைத் தூக்கி நிறுத்தி, "மன்னிக்க வேண்டும், எனக்கு ஏ-38 அனுமதிச் சீட்டு வேண்டும்" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. "பி-65 சுற்றறிக்கையைப் படித்தீர்களா, ஐயா?" என்று அதே குரலில் கேட்டுவிட்டு, என் கோப்பை வாங்கிக்கொண்டாள்.