விளக்கா, குடமா?

நடுவர் அவர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம். ‘அரசியலமைப்பு ஆட்சிக்கு ஆணிவேர் மக்கள் ஆணையா, அதிகார வரம்பா?’ என்பது தலைப்பு. ஆணைதான் என்று பேசிப்போன எதிரணி அக்கா, “மக்கள் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டு அனுப்பியவருக்கு எதற்கு மூக்கணாங்கயிறு?” என்று கேட்டார். கைதட்டு பலமாக விழுந்தது. நானும் தட்டினேன், பேச்சு அப்படி.

சரி, கயிறு தளர்ந்தால் என்ன நடக்கும்? 1977இல் தெரிவான இலங்கைப் பாராளுமன்றத்தில் 168 ஆசனங்களில் 140 ஒரே கட்சிக்கு. இதைவிடப் பெரிய ஆணை உண்டா? தேர்தல் நெருங்கிய நேரத்தில், 1982 டிசம்பரில், தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்று கேள்வி. சம்மதம் என்றால் விளக்குக்குப் புள்ளடி, இல்லையென்றால் குடத்துக்கு. விளக்கு வென்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான்! பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் மக்கள் வாக்கெடுப்பும் இருந்தால் காலத்தை நீட்டலாம் என்று அரசியலமைப்பே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அக்கா, அதுவும் மக்கள் ஆணைதானே? மக்கள் போட்ட ஒரு புள்ளடி, அவர்களுடைய அடுத்த புள்ளடியை விழுங்கிவிட்டதே.

2018இல் கதை வேறு. நவம்பர் 9ஆம் தேதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அவரும் 62 இலட்சம் பேர் வாக்களித்து வந்தவர்தான். டிசம்பர் 13ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்: நாலரை வருடம் முடியுமுன், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்காமல் கலைக்க முடியாது. அந்த ஏழு பேருக்கும் யாரும் புள்ளடி போடவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. ஏழு என்றதும் நமக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள்தான் ஞாபகம் வரும். அருகருகே இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டு, தனிச் சூடு. சட்டம் இயற்றுபவர், ஆட்சி நடத்துபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவருக்கும் நடுவில் அந்தக் கட்டுத்தான் வேண்டும் என்கிறேன்.

நீதிமன்றம் எப்போதும் இனிப்பாகவா பேசும்? 2006இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புச் செல்லாது என்றதும் அதே நீதிமன்றம்தான். அதைப் பற்றி இந்த மண்டபத்திலேயே இரண்டு கருத்து இருக்கும். நான் அதற்குள் போகவில்லை, பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் நம்முடைய மாகாண சபை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணயம் நிறைவேறவில்லை. தேர்தல் அதிலேயே சிக்கி, வருடக்கணக்காக நடக்கவில்லை. ஆணை கொடுக்க நாம் ஆயத்தம், பெட்டியைத்தான் காணோம். இத்தனை நாளுக்குள் வைத்தே தீரவேண்டும் என்ற கயிறு இறுக்கமாக இருந்திருந்தால் இப்படி இழுபட்டிருக்குமா?

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. அக்கா பதில் சொல்ல வரும்போது மற்றதை விடட்டும், ஒன்றே ஒன்று சொல்லட்டும்: 1982 டிசம்பரில் அவர் கையில் வாக்குச்சீட்டு இருந்திருந்தால், விளக்கா, குடமா?