தண்ணீர் வரிசையில் நின்ற நேரம் தொண்டில் சேருமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மலாவி நாட்டின் சிற்றூர் ஒன்றில் தன்னார்வ ஆசிரியையாக நான் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சென்ற உரையில் பேசினேன். அதன்பின் வந்த கேள்விகளுள் ஒன்று பல நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "காலையில் தண்ணீர் எடுத்தேன், விறகு மூட்டிச் சமைத்தேன், துணி துவைத்தேன், வழியில் கண்டவர்களிடமெல்லாம் நலம் விசாரித்தேன் என்கிறீர்கள். பாதி நாள் இதிலேயே போய்விட்டதென்றால், தொண்டு செய்தது எப்போது?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அங்கு சென்ற முதல் மாதத்தில் ஒவ்வோர் இரவும் இதையேதான் நான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் எப்படிப் போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மின்சாரமும் இல்லை, வீட்டுக் குழாயும் இல்லை. விடிந்ததும் 20 லிட்டர் வாளியோடு அடிபம்புக்குப் போக வேண்டும். நிறைந்த வாளி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தலையில் வைத்துச் சிந்தாமல் நடக்கப் பழகவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. குடிக்கும் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடி வைப்பேன். பிறகு பள்ளிக்கூடம். மாலையில் மறுபடியும் தண்ணீர், அடுப்பு, விளக்கு, விடைத்தாள்கள். இருட்டியதும் கொசுவலைக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் மலேரியாக் கொசு கடிப்பது பெரும்பாலும் இரவில்தான்.

இவற்றுக்கிடையே நலம் விசாரிப்பு. சிச்சேவா மொழியில் காலையில் ஒருவரைப் பார்த்தால் "முவாட்ஸூகா புவான்ஜி?" என்று கேட்பார்கள், "எப்படித் துயில் எழுந்தீர்கள்?" என்று பொருள். பிற்பகலாகிவிட்டால் "முவாஸ்வேரா புவான்ஜி?" என்பார்கள், பகல் பொழுது எப்படிக் கழிந்தது என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு, அதே கேள்வியை நாமும் அவரிடம் கேட்க வேண்டும். நின்று கேட்காமல் கடந்து போவது அங்கே மரியாதைக் குறைவு.

தொடர்ந்து பார்த்துவரும் நேயர்களுக்கு, நான் பலமுறை சொல்லியிருக்கும் "ஓடி" என்ற சொல் நினைவிருக்கும். ஒரு வீட்டுக்குப் போனால் வெளியே நின்றபடி "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வந்த பிறகே உள்ளே போகலாம். அந்நிய ஊரில் தொண்டு செய்யப் போகிறவர், எந்த வேலையில் கைவைப்பதற்கு முன்பும் இப்படி ஓடி சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொன்னதையே சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த நேயரின் கேள்விக்கும் என்னிடம் உள்ள பதில் அதுதான். இதுவரை சொல்லாத ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு அதை விளக்குகிறேன்.

என் வகுப்பில் மாணவியர் சிலர் முதல் பாடவேளைக்கு நாள்தோறும் தாமதமாகவே வந்தார்கள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே நான் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வந்தேன். அவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் போதவில்லை என்று முடிவு கட்டி, ஊக்கமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குத் திட்டமும் தீட்டி வைத்திருந்தேன். அந்தத் திட்டத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உண்மை தண்ணீர் வரிசையில்தான் தெரிந்தது. ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாகப் போய் நின்றேன். வரிசையின் முன்னால் என் மாணவி ஒருத்தி, பம்பின் கைப்பிடியை இரு கைகளாலும் அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணி மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகே மூக்கிலிருந்து முதல் தண்ணீர் விழுந்தது; விழுந்ததும் நூலாகத்தான் விழுந்தது. வரிசையில் வீட்டுக்கொரு சிறுமி நின்றாள். தாமதத்தின் காரணம் அங்கே என் கண்முன் நின்றது.

அது ஆஃப்ரிடெவ் வகைப் பம்பு. கிராமத்தாரே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு 1980-களில் வடிவமைக்கப்பட்டது அது. அடியில் உள்ள வால்வு கசிந்தால், இரவெல்லாம் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும்; காலையில் அடிப்பவர் வெறுங்காற்றைத்தான் அடிக்க வேண்டியிருக்கும். மேலும் கீழும் போய்வரும் உலக்கைத் தண்டின் முனையில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால், ஒவ்வோர் அடிக்கும் வரும் தண்ணீர் குறையும். எங்கள் பம்புக்கு இரண்டு கோளாறுகளும் இருந்தன. ஊரில் தண்ணீர்க் குழு இருந்தது, அதனிடம் சேமிப்புப் பணமும் இருந்தது. பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர்தான் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டிருந்தார்.

அன்று மாலை குழுத் தலைவியின் வீட்டு வாசலில் நின்று ஓடி சொன்னேன். பொழுது எப்படிக் கழிந்தது என்று இருவரும் விசாரித்து முடித்த பிறகு, இதில் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று கேட்டேன். நகரத்துக்குப் போகும்போது உதிரிப் பாகங்களை வாங்கி வரச் சொன்னார், குழுவின் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். என் பங்கு அவ்வளவே. அடுத்த ஊரிலிருந்து வந்தவர் ஒரே ஒரு ஸ்பேனரால் பம்பின் தலையைத் திறந்து, குழாய்க்குள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுத் தொங்கும் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மேலே இழுத்தார். தலைவியும் இன்னொரு பெண்ணும் அவருக்கு இருபுறமும் நின்று, ஒவ்வொரு கம்பியையும் தாங்களே கொக்கியிலிருந்து கழற்றினார்கள். மண் படாமல் கம்பிகளை வாங்கிப் பாயில் அடுக்கி வைத்தவள் நான்.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோர் 1961-இல் தொடங்கப்பட்டபோது அதற்கு வகுக்கப்பட்ட மூன்று நோக்கங்களில் இரண்டு, இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பற்றியவை. நான் அந்த அமைப்பின் வழியாகச் சென்றவளல்லள். ஆனால் அந்தக் கணக்கு சரியென்று அனுபவத்தில் கண்டேன். தண்ணீர் எடுக்க யாரையாவது கூலிக்கு அமர்த்திவிட்டு அந்த ஒரு மணி நேரத்தையும் பாடத் தயாரிப்பில் செலவிட்டிருந்தால், சிவப்புக் குறிகள்தாம் பெருகியிருக்கும்.

அந்த நேயர் இன்னொன்றையும் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இல்லாதபோது அந்தப் பம்பு என்ன ஆயிற்று என்பதுதான் அது. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் சில நாட்கள் நகரத்தில் தங்கிவிட்டு ஊர் திரும்பினேன். வழியில் தலைவியைக் கண்டு, "முவாஸ்வேரா புவான்ஜி?" என்றேன். நலம் என்று சொல்லிவிட்டு, காலையில் கம்பிகளை இழுத்து ரப்பர் வளையத்தை மாற்றியதாகவும், உச்சிப் பொழுதுக்குள் வேலை முடிந்ததாகவும், மற்ற செய்திகளோடு ஒரு செய்தியாகச் சொன்னார். பிறகு என் பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தார். வீட்டுக்குப் போய் வாளியை எடுத்துக்கொண்டு பம்புக்கு வந்தேன். இரண்டாவது அடியிலேயே தண்ணீர் வந்தது.