தோட்டாவுக்கு முன்னால் நின்ற அடிலெய்டு ஹெர்மன்

வணக்கம் நண்பர்களே! முதலில் எனக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். வந்துவிட்டது! அந்தக் காலத்து மேஜிக் கலைஞர் அடிலெய்டு ஹெர்மனின் பழைய சுவரொட்டி, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து மாட்டியாயிற்று. பிரிண்டுக்கு 260 ரூபாய்தான். சட்டத்துக்குக் கேட்ட விலைதான் அநியாயம், 1,850 ரூபாய்! நான் என்ன தேக்கிலா கேட்டேன்? சாதாரண ஃபைபர் சட்டம். கடையை விட்டு நகராமல் பேசிப் பேசி 1,400க்கு முடித்தேன். உள்ளே வைக்கும் கறுப்பு மவுண்ட் அட்டைக்குத் தனியாகக் காசு கிடையாது என்றும் சொல்ல வைத்துவிட்டேன். பேரம் பேசுவதில் அம்மாவின் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம் போல இருக்கிறது.

சரி, இவரைப் பற்றி இன்றைக்கு ஏன் பேசுகிறேன்? மேஜிக்காரர் ஹௌடினியைப் பற்றி நான் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒருவர், "மேஜிக்கில் பெண்களுக்கு என்ன வேலை? பெட்டிக்குள் படுத்து அறுபடுவதுதானே" என்று எழுதியிருந்தார். அதற்கு லைக் வேறு குவிந்திருந்தது. படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அந்த அறுக்கும் வித்தை 1921 ஜனவரியில்தான் லண்டனில் செல்பிட் என்பவர் கையில் மேடைக்கு வந்தது. அதற்கு 24 வருடங்களுக்கு முன்பே நியூயார்க்கில் ஒரு பெண் துப்பாக்கிகளுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். அவர்தான் இந்த அடிலெய்டு.

1853இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் பெல்ஜியம்காரர்கள். நடனம் தெரியும், அந்தக் காலத்து சைக்கிளில் வித்தை காட்டத் தெரியும். 1875இல் அலெக்சாண்டர் ஹெர்மனை மணந்தார். நியூயார்க் மேயரே நடத்திவைத்த கல்யாணம். அலெக்சாண்டர் அப்போது அமெரிக்காவே கொண்டாடிய மேஜிக்காரர். கூர்மீசை, ஆட்டுத்தாடி, பார்த்தாலே சாத்தான் மாதிரி ஒரு தோற்றம். அவருடைய மேடையில் அந்தரத்தில் மிதந்ததும், தீயில் எரிந்து மறைந்ததும், பீரங்கியிலிருந்து பறந்ததும் அடிலெய்டுதான். உடம்பு வருத்தியது இவர், பெரிய எழுத்தில் பெயர் வந்தது அவருக்கு.

1896 டிசம்பர் 17. பென்சில்வேனியாவில் இருந்த அடுத்த ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது அலெக்சாண்டர் மாரடைப்பில் இறந்துவிட்டார். நிறையச் சம்பாதித்தவர், அதே வேகத்தில் செலவழித்தவர். பணம் என்று பெரிதாக எதுவும் விட்டுவைக்கவில்லை. ஒரு முழுக் கம்பெனி, ஆட்கள், பிராணிகள், முன்பே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள், எல்லாம் அடிலெய்டின் தலையில். கணவர் வழி உறவான லியோனைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, அடுத்த மாதமே மேடையேறினார். மெட்ரோபாலிட்டன் ஓப்பரா ஹவுஸில் வரிசையாக நின்ற வீரர்கள் சுட, தோட்டாக்களைப் பிடிக்கும் வித்தையைச் செய்தார். நாற்பது நாள்கூட ஆகாத துக்கத்தோடு! எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

அது எவ்வளவு ஆபத்து என்று கேட்பவர்களுக்கு, அதே ஹெர்மன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வில்லியம் ராபின்சன். அமெரிக்கர். பிறகு சீனர் வேடம் போட்டு, சுங் லிங் சூ என்ற பெயரில் ஐரோப்பாவைக் கலக்கியவர். இந்த வேடம் எனக்குத் துளியும் பிடிக்காது. சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீன வித்தைக்காரரைப் பார்த்து அடித்த காப்பி அது. ஆனால் இதே தோட்டா வித்தைக்குத் துப்பாக்கியை அவர் அமைத்திருந்த விதம் அபாரம். வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. குழலுக்குள் நிஜ மருந்தும் குண்டும் போகும். ஆனால் நெருப்பு அங்கே போகாது. கெட்டிக்கும் கம்பியைச் செருகி வைக்கிற கீழ்க் குழாய்க்குத்தான் போகும். அங்கே வெறும் மருந்து. சத்தமும் புகையும் வரும், குண்டு உள்ளேயே இருக்கும். காட்சி முடிந்ததும் அந்தக் குண்டைச் சுட்டுத் தீர்க்காமல், அடிப்பக்கத் திருகைக் கழற்றி வெளியே எடுப்பார். கழற்றிக் கழற்றித் திருகு தேய்ந்தது. மருந்துத் தூள் இடுக்கில் கசிந்தது. 1918 மார்ச் 23, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் நெருப்பு மேல் குழலுக்கும் போய், நிஜக் குண்டு அவர் மேல் பாய்ந்துவிட்டது. மேடையில் எப்போதும் சீனர் வேடத்திலேயே இருந்தவர், அன்றைக்கு ஆங்கிலத்தில் திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் உயிர் போய்விட்டது.

அடடா, சட்டத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கண்ணாடி போடவில்லை, ஆக்ரிலிக் போட்டிருக்கிறேன். கண்ணாடி என்றால் என் ரிங் லைட் நிலா மாதிரி நடுவில் தெரியும். அந்த 1,400 ஆக்ரிலிக்கும் சேர்த்துத்தான்! கமெண்டில் கேட்பீர்கள், அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

லியோனோடு மூன்று சீசன்தான் ஒத்துப்போனது. அப்புறம் அடிலெய்டு தனியாக, 'மேஜிக் ராணி' என்ற பட்டத்தோடு, பாட்டு, ஆட்டம், வித்தை என்று பலதும் கலந்து நடக்கும் வாட்வில் அரங்குகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆடினார். இதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். கணவரோடு இருந்தது சுமார் 21 வருடம், தனியாக மேடையை ஆண்டது அதைவிட அதிகம். ஆனாலும் எங்கே பார்த்தாலும் 'ஹெர்மனின் மனைவி' என்றே எழுதுகிறார்கள். 1926இல் நியூயார்க்கில் கிடங்கு தீப்பிடித்து, அவர் வளர்த்த பிராணிகளில் பெரும்பாலானவை செத்துப்போயின, மேடைப் பொருள்கள் சாம்பலாயின. எழுபதைத் தாண்டிய வயதில் சின்னதாக ஒரு நிகழ்ச்சியைத் தயார் செய்துகொண்டு மறுபடியும் மேடைக்கு வந்தார்! 1932இல் காலமானார். எழுதி வைத்திருந்த தன்வரலாறு 2012இல்தான் புத்தகமானது.

அடுத்த வீடியோவில் ஃபூவும் சூவும் 1905இல் லண்டனில் மோதிக்கொண்ட கதை. நான் ஃபூ பக்கம், இப்போதே சொல்லிவிட்டேன். நீங்கள் யார் பக்கம் என்று கமெண்டில் எழுதுங்கள்.