கேக் பிடிக்குமா, கேக் வேலை பிடிக்குமா?

[திரையில்: ஓவன்ல இருந்து வெளிய வர்ற கேக்]

ஆபீஸ் வேலையை விட்டுட்டு கேக் செஞ்சு விக்கலாமான்னு யோசிக்கறவங்க நிறைய பேர். அவங்க முதல்ல பார்க்க வேண்டியது, கேக் வியாபாரத்துல ஒரு நாள் எப்படிப் போகுதுங்கறதைத்தான்.

ஒரு கிலோ பட்டர்கிரீம் கேக்கை எடுத்துக்குவோம், அதாவது வெண்ணெயும் சர்க்கரையும் அடிச்ச கிரீம் பூசினது. மாவு கலக்க 20 நிமிஷம். ஓவன்ல 180 டிகிரியில முக்கால் மணி நேரம். நல்லா ஆறணும், சூட்டோட கிரீம் பூசினா வழுக்கி இறங்கிடும். பூசி அலங்கரிக்க ஒன்றரை மணி நேரம். ஆசை இருக்கறது இதுவரைக்கும்தான். மிச்சம்? சாமான் வாங்கறது, வாட்ஸ்அப்ல "கொஞ்சம் குறைச்சுக்கோங்க"க்கு பதில் சொல்றது, பிசுக்குப் பாத்திரம் தேய்க்கறது, டெலிவரி. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளயே உருகிடும். மே மாச மதியம் மதுரை வெயில்ல பைக்ல போற கேக்கோட கதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

[திரையில்: மூணு கட்டம் போட்ட நோட்டு]

இப்ப ஆபீஸ்லயும் வீட்டுலயும் செய்யறதை ரெண்டு வாரம் தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க. என்ன செஞ்சேன், எவ்வளவு நேரம், முடிச்சப்போ தெம்பா இருந்துச்சா சோர்வா இருந்துச்சா. இவ்வளவுதான். நிறைய பேர் சறுக்கற இடம் முதல் கட்டம். "மீட்டிங்"னு மட்டும் எழுதினா ஒண்ணும் பிடிபடாது. "மீட்டிங்ல புதுசா வந்தவங்களுக்கு கணக்கை விளக்கினேன்"னு எழுதுங்க. செஞ்ச காரியத்தை எழுதணும், தலைப்பை இல்ல.

அடுத்து, அந்தத் தொழில்ல இருக்கற யாரையாவது பாருங்க. "இந்த லைன் எப்படி இருக்கு?"னு கேட்டா, "பரவாயில்ல"ன்னு ஒரு பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. "போன செவ்வாய்க்கிழமை காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?"ன்னு கேளுங்க. அந்தப் பட்டியல்ல பாதி உங்களால தாங்க முடியாததா இருந்தா, மேற்கொண்டு போக வேணாம்.

தாங்கும்னு தோணினா, எட்டு வாரம் சனி ஞாயிறு மட்டும் காசுக்குச் செஞ்சு பாருங்க. சித்தி, அத்தை ஆர்டர் எல்லாம் கணக்குல வராது. அவங்க எப்படியும் "சூப்பர்"னுதான் சொல்லுவாங்க. முன்பின் தெரியாதவங்ககிட்ட இருந்து குறைஞ்சது ஆறு ஆர்டர் வரணும். அரசு ஊழியரா இருந்தா முன் அனுமதி இல்லாம வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் கம்பெனின்னா நியமனக் கடிதத்துல வெளிவேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வீட்டுல செஞ்சு வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு கட்டாயம். அவங்களோட ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்துலயே விண்ணப்பிக்கலாம்.

[திரையில்: கணக்கு]

கேக்கை 900 ரூபாய்க்கு விக்கறதா வெச்சுக்குவோம். சாமான் 380, பெட்டியும் அட்டையும் 60, கரண்ட் 20. கையில நிக்கறது 440. கலக்க, அலங்கரிக்க, சாமான் வாங்க, பேச, பாத்திரம் கழுவ, கொண்டுபோய்க் குடுக்கன்னு நாலரை மணி நேரம். மணிக்கு 98 ரூபாய்தான் வருது! தன் நேரத்துக்கு விலை போடாததாலதான் நிறைய பேர் இதை லாபம்னு நினைச்சுக்கறாங்க. ஒரே நாள்ல ரெண்டு மூணு ஆர்டரைச் சேர்த்துப் பாருங்க. கடைக்குப் போறதும் பாத்திரம் கழுவறதும் பொதுவாகிடும், மணிக்கூலி ஏறும்.

காசுக்குச் செய்ய ஆரம்பிச்சதும் ஆர்வம் குறையலாம். அதுக்கும் ஆராய்ச்சியில பதில் இருக்கு. 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியலாளர்கள் படம் வரையப் பிடிச்ச மழலையர் பள்ளிக் குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. வரைஞ்சா பரிசுன்னு முன்னாடியே சொல்லப்பட்ட குழந்தைங்க, அப்புறம் தானா வரைஞ்ச நேரம், மத்த குழந்தைங்களோட நேரத்துல ஏறக்குறைய பாதிதான். சொல்லாம திடீர்னு பரிசு வாங்கின குழந்தைங்களுக்கு அப்படி ஆகல. அதனால காசு வர ஆரம்பிச்சாலும் மாசம் ஒரு கேக்கை யாருக்கும் விக்காம, உங்க இஷ்டத்துக்குச் செய்யுங்க.

2018-ல ஓகீஃப், டுவெக், வால்டன் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுது. ஆர்வம் பிறவியிலேயே இருக்கும், தேடினா போதும்னு நம்பினவங்களுக்கு, கருந்துளை பத்தின வீடியோ பிடிச்சிருந்தாலும், அதே விஷயத்துல கடினமான கட்டுரையைக் குடுத்ததும் ஆர்வம் அதிகமா இறங்கிடுச்சு. மூணாவது வாரம் கேக் நடுவுல அமுங்கிப் போச்சுன்னா, "இது நமக்கு வராது"ன்னு முடிவு கட்டாதீங்க. ஓவன் கதவைச் சீக்கிரம் திறந்தீங்களா, பேக்கிங் பவுடர் கூடிடுச்சான்னு முதல்ல பாருங்க.

இந்த எட்டு வாரமும் அதே நோட்டுல எழுதிட்டு வந்து, கடைசியில திரும்பப் புரட்டுங்க. சில பேருக்கு அதுல வேற ஒண்ணு தெரியும்: தெம்பு குடுத்தது கேக் இல்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது. அப்படின்னா வேலையை விட வேண்டிய அவசியமே இல்லாம போகலாம். இப்ப இருக்கற ஆபீஸ்லயே புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்கற பொறுப்பைக் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், மூணு மாசம்னு அளவு சொல்லிக் கேட்டா, மேனேஜர் ஒத்துக்கறதும் சுலபம்.